பெயரும் ஓர் உடைமையே

(காஞ்சிபுரத்தில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

   

உழவனிடம் சென்று, "உன் உடைமை யாது?" என்று கேட்டால், நிலத்தைக் காட்டுவான். வணிகனிடம் கேட்டால், கடையைக் காட்டுவான். காஞ்சிபுரத்து நெசவாளியிடம் கேட்டால் எதனைக் காட்டுவான்? பட்டு நூலைக் காட்ட இயலுமா? அதில் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகையைக் காட்ட இயலுமா? அது பெரும்பாலும் சூரத்து நகரிலிருந்து வருகிறது. நெய்து முடித்த புடவையையாவது காட்ட இயலுமா? கூலிக்கு நெய்பவனாயின், மடித்துக் கொடுத்த மறுநொடியே அது பிறனுடையது. பின், அவனுக்கென்று எஞ்சுவது யாது? இரண்டே இரண்டு. ஒன்று, அவன் கைத்திறம். மற்றொன்று, 'காஞ்சிபுரம் பட்டு' என்னும் பெயர்.

கைத்திறம் அவன் உடலோடு நிற்பது. கண் மங்கினால் அதுவும் மங்கும். பெயரோ அவன் பாட்டனும் பூட்டனும் ஈட்டி வைத்தது. பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் உரியது. ஓர் ஊருக்குச் சொன்ன இவ்வுண்மை ஒரு மொழிக்கும் பொருந்தும். ஒரு நாட்டுக்கும் பொருந்தும். இன்றைய பொழிவின் கருத்து இவ்வளவே: பெயர் என்பது வெறும் ஒலியன்று; அஃது ஓர் உடைமை. உடைமையைக் காவாதவன் நெடுநாள் உடையவனாக இருக்க மாட்டான்.

கொரிய நிறுவனம் புகட்டிய பாடம்

"பெயரில் என்ன இருக்கிறது? வயிற்றுப் பாட்டைப் பேசுங்கள்" என்பார் உளர். அவர்கள் தொலைவு செல்ல வேண்டா. இதே மாவட்டத்தில், திருப்பெரும்புதூரை அடுத்த சுங்குவார்ச்சத்திரத்தில், தென்கொரிய நாட்டுச் சாம்சங் நிறுவனத்தின் தொழிலகம் உள்ளது. குளிர்பெட்டியும் சலவைப்பொறியும் தொலைக்காட்சிப் பெட்டியும் அங்கே உருவாகின்றன. 2024 செப்டம்பர் 9-ஆம் நாள், அத்தொழிலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வு கேட்டனர். ஒழுங்கான வேலைநேரம் கேட்டனர். அனைத்துக்கும் மேலாகத் தாங்கள் அமைத்த ஒன்றியத்தை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று கேட்டனர். போராட்டம் 37 நாள் நீடித்தது. பந்தலில் அமர்ந்திருந்தோர் தளையிடப்பட்டனர். அமைச்சர்கள் பேச்சு நடத்தினர். உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் சுங்குவார்ச்சத்திரம் என்னும் சிற்றூரின் பெயரை எழுதின.

அந்தப் போராட்டத்தின் நடுவே நின்ற முடிச்சு யாது தெரியுமா? ஒரு பெயர்! 'சாம்சங் இந்தியா தொழிலாளர் ஒன்றியம்' என்று தொழிலாளர் தம் அமைப்புக்குப் பெயர் சூட்டினர். "எங்கள் பெயரை நீங்கள் எடுத்தாளல் கூடாது, அஃது எங்கள் வணிகக் குறி" என்று நிறுவனம் மறுத்தது. பதிவு தடைப்பட்டது, வழக்கு சென்னை உயர்முறைமன்றம் சென்றது. வேலைநிறுத்தம் முடிந்து மூன்று திங்களுக்கு மேல் கழிந்த பின்னரே, 2025 சனவரி 27-ஆம் நாள், அந்த ஒன்றியம் அதே பெயரில் பதிவாயிற்று.

இதில் யார் பக்கம் முறை என்பதில் தமிழருக்கு ஐயம் வேண்டா. அந்தப் பெயரைத் தாங்கிய பெட்டியைத் தம் கையால் பூட்டி அனுப்புகிறவர்களுக்கு, அப்பெயரைத் தம் நெற்றியில் எழுதிக்கொள்ள உரிமை இல்லையென்றால், வேறு யாருக்கு உண்டு? ஆயினும், அந்நிறுவனத்தினிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கடல் கடந்து வந்தவன், தன் சுவருக்குள் உழைப்பவனுக்குக்கூடத் தன் பெயரின் நான்கு எழுத்தைக் கொடுக்க மனம் கொள்ளாமல், அரசையும் முறைமன்றத்தையும் எதிர்நின்று காத்தான். அவனுக்குத் தெரியும், தொழிலகம் எரிந்தாலும் மீண்டும் கட்டலாம், பெயர் போனால் மீளாது என்று. அதே மாவட்டத்தின் தலைநகரில், பல தலைமுறையாக ஈட்டிய பெயரை, வழிப்போக்கன் எவனும் எடுத்துத் தன் சரக்கின்மேல் ஒட்டிக்கொள்ள விட்டுவிட்டு உறங்குகிறான் தமிழன். வந்தவன் பெயரைக் காக்கிறான், இருந்தவன் இழக்கிறான். இதுதான் வேறுபாடு!

அந்தப் பெயருக்குள் இருப்பது

'காஞ்சிபுரம் பட்டு' என்னும் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். முதலில், முறுக்கேறிய தடித்த பட்டிழை. அடுத்து, கோர்வை. புடவையின் உடலை ஒரு நிறத்திலும் இருபுறக் கரையை வேறு நிறத்திலும் தனித்தனியே நெய்து, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று கவ்வவிட்டுச் சேர்ப்பதே கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவன் கை போதாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர மற்றொரு கை வேண்டும். பின்னர், முந்தி. உடலின் பாவு முடியுமிடத்தில் முந்தியின் பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். இவ்வாறு ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும். வேலைப்பாடு மிகுந்தால் திங்களும் கடக்கும். ஆடை நைந்து கிழிந்தாலும் கரை பிரியாது என்று பாட்டிமார் சொல்லுவதன் பொருள் இதுவே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கோர்வைக்கு வேண்டிய அந்த இரண்டாவது கை, பல்லாண்டுக் காலம், குழந்தையின் கையாக இருந்தது. பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவரும் சிறுமியரும் தறிக்குழியில் குந்தி நாடா தள்ளினர். முன்பணம் வாங்கிய தந்தையின் கடனுக்கு மகனின் விளையாட்டுக் காலம் வட்டியாயிற்று. அந்தப் பெயரின் பளபளப்பில் அவர்களின் கண்ணொளியும் கலந்திருக்கிறது. அக்கொடுமை குறைந்தது நன்று. முற்றும் ஒழிந்தாக வேண்டும். பழம்பெருமை பேசுவோர் இக்கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும். குழந்தையின் கையை விலக்கிய பின், அந்த இடத்தில் கூலி பெறும் வளர்ந்தவரின் கை வந்திருக்க வேண்டும். அதற்குரிய விலையைப் புடவை வாங்குவோரும் விற்போரும் தரவில்லை. எனவே கோர்வை தெரிந்த தறிகள் அருகின. தறிக்காரன் மகன் திருப்பெரும்புதூர்த் தொழிலகப் பேருந்தில் ஏறினான். அவனைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இது காஞ்சிக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்திய ஒன்றியம் முழுவதும் கைத்தறி நெசவிலும் அதன் துணைத்தொழிலிலும் இருந்தோர், 1995-96-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 65 இலக்கம் பேர். 2009-10-இல் 43 இலக்கம் பேர். 2019-20-இல் 35 இலக்கம் பேர். கால் நூற்றாண்டில் ஏறத்தாழப் பாதி! அவருள் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் மறவாதீர்.

சட்டம் இல்லையா? உண்டு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவையென ஒதுக்கிற்று. விசைத்தறி முதலாளிகள் வழக்காடினர். 1993-இல் உச்சமுறைமன்றம் சட்டம் செல்லும் என்றது. பின்னர் அந்த 22 வகை 11 ஆகச் சுருங்கிற்று. 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டு அதன்கீழ்ப் பதிவாயிற்று. ஊர்ப்பெயர் ஊராரின் உடைமை என்று சட்டமே ஒப்புக்கொண்டது. ஆனால், பதிவேட்டில் இருக்கும் உரிமை, கடைத்தெருவில் இருக்கிறதா? விசைத்தறியில் சில மணிநேரத்தில் ஓட்டிய துணி, கலப்பு நூல், பொய்ச் சரிகை, இவையெல்லாம் அதே பெயரில் விற்கின்றன என்பதே நெசவாளரின் நெடுநாள் முறையீடு. பிரான்சு நாட்டுச் சாம்பேன் வட்டத்து மக்களைப் பாருங்கள். அவ்வட்டத்தில் விளைந்த கொடிமுந்திரியில் இறக்கிய பொங்குதேறலுக்கன்றி வேறொன்றுக்கும் அப்பெயரை இட ஐரோப்பியச் சட்டம் இடந்தராது. அங்கே உழவரும் வணிகரும் அரசும் ஒன்றாக நின்று காக்கின்றனர். இங்கே நெசவாளி தனியாக நின்று புலம்புகிறான்.

ஒன்று நினைவில் நிற்க. இவ்வூர்த் தறியில் அமர்ந்தோர் செங்குந்தர் மட்டுமல்லர், சாலியர் உளர், தேவாங்கர் உளர், சௌராட்டிரர் உளர். வீட்டில் தெலுங்கு பேசுவோரும் உளர். ஆயினும் 'காஞ்சிபுரம்' என்னும் பெயர் அனைவருக்கும் பொதுவுடைமை. உழைத்தவன் எவனோ, அவனுக்கே பெயர் உரியது. குலம் பார்த்துப் பங்கிடும் உடைமையன்று இது.

தறியின் தமிழும் பலகையின் தமிழும்

இனி, சொல்லுக்கு வருக. எழுத்தறியா நெசவாளியின் வாயைக் கேளுங்கள்: தறி, பாவு, ஊடை, விழுது, நாடா, கோர்வை, கரை, உடல், முந்தி. கரையில் ஓடும் அழகுகளின் பெயர்களைக் கேளுங்கள்: மயில்கண், குயில்கண், மல்லிமொக்கு, தாழம்பூ, வைரஊசி, கொடிவிசிறி, கோபுரம். எந்தப் புலவர் குழு கூடி ஆக்கிய கலைச்சொற்கள் இவை? எந்தப் பல்கலைக்கழகம் அச்சிட்ட அகரமுதலி இது? மல்லிகையின் மொக்கையும் குயிலின் கண்ணையும் பார்த்த கண்ணே பெயரும் வைத்தது. தொழிலும் மொழியும் ஒரே பாவில் ஓடின.

அதே புடவை தறியைவிட்டுக் கடைக்கு வந்ததும் என்ன ஆகிறது? கரை 'பார்டர்' ஆகிறது. உடல் 'பாடி' ஆகிறது. முந்தி 'பல்லு' ஆகிறது. மல்லிமொக்கு 'டிசைன்' ஆகிறது. காந்தி சாலையில் நடந்து பலகைகளைப் படியுங்கள். கடைப்பெயர்ப் பலகையில் தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு, பிறமொழிக்கு இரண்டு பங்கு என்று தமிழ்நாட்டரசின் விதி உண்டு. அவ்விதிக்கு அஞ்சிப் பெரிய தமிழெழுத்தில் எழுதியிருப்பர். என்ன எழுதியிருப்பர்? பல பலகைகளில் 'சில்க்சு' என்று எழுதியிருப்பர்! எழுத்து தமிழ், சொல் ஆங்கிலம். பட்டுக்கே பெயர்பெற்ற ஊரில், பட்டு விற்கும் தெருவில், 'பட்டு' என்னும் மூன்றெழுத்துக்கு இடமில்லை! உடுப்பைத் தமிழனுக்கு மாட்டி உடலை ஆங்கிலனாக்கிய இக்கோலத்தைச் சட்டம் எதுவும் தடுக்காது. வாங்குபவன் வாய்தான் தடுக்கும்.

தெருவை விட்டுக் கோயிலுக்குச் செல்லுங்கள். வைணவர் 'வரதராசர்' என்று வணங்கும் இறைவனைக் கல்வெட்டுகள் 'அருளாளப் பெருமாள்' என்று அழகு தமிழில் அழைக்கின்றன. திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமானுக்குச் 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். கணிகண்ணனை மன்னன் நாடு கடத்தினான். அவன் பின்னே திருமழிசையாழ்வார் சென்றார். அவர் சொன்னதும், இறைவனே பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு தமிழ்ப் பாவலன் பின்னே நடந்தான் என்பது வழிவழி வரும் செய்தி. நம்புவோர் நம்புக, நம்பாதோர் அதன் கருத்தையேனும் கொள்க. அத்தகைய பெயருக்கு 'யதோத்தகாரி' என்று வடமொழியில் ஒரு மொழிபெயர்ப்புச் செய்து, அதனையே பெரிதாக வழங்குவானேன்? தமிழின் பின்னே நடந்தவனுக்குத் தமிழ்ப்பெயர் போதாதா?

ஊரின் பெயரும் தப்பவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையனின் தலைநகராக இவ்வூர் பாடப்பெற்றது. மணிமேகலையில் கச்சிமாநகராக விளங்கிற்று. பல்லவபுரம் பல்லாவரம் ஆனாற்போல் காஞ்சிபுரம் மக்கள் வாயில் காஞ்சிவரம் ஆனது இயல்பு. அதனை வெள்ளையன் 'கான்சீவரம்' என்று ஏட்டில் திரித்தான். வெள்ளையன் சென்றான், திரிபு செல்லவில்லை. இன்றும் வடநாட்டுக் கடையிலும் வெளிநாட்டு விளம்பரத்திலும் புடவை அந்தத் திரிந்த பெயரிலேயே விலைபோகிறது. தமிழ்நாட்டரசு 2020-ஆம் ஆண்டு, 1,018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழொலிப்புக்கு ஏற்ப எழுத ஆணையிட்டது. நல்ல நோக்கம், எழுத்துக்கூட்டலில் குழப்பம். சில நாளிலேயே ஆணை திரும்பப்பெறப்பட்டது. திருத்தி மீண்டும் கொணர வேண்டியதைக் கிடப்பில் போடுவது தமிழர் அரசுகளுக்குப் பழகிப்போன நோய்.

நாட்டின் பெயரை மீட்ட ஊர்

பெயருக்காகப் பாடுபடுதல் வீண் என்பாருக்கு, இவ்வூர் மண்ணே விடை சொல்லும். 1909 செப்டம்பர் 15-இல் இங்கே நெசவாளர் குடியில் பிறந்தவர் அறிஞர் அண்ணா. 1953-இல் கைத்தறியாளர் பட்டினியால் வாடியபோது, அவரும் தோழர்களும் துணிமூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். நெசவாளியின் வயிற்றை அறிந்த அதே மாந்தர், பெயரின் மதிப்பையும் அறிந்திருந்தார். வயிற்றுப்பாடும் பெயர்ப்பற்றும் பகையல்ல என்பதற்கு வேறு சான்று எதற்கு?

'சென்னை மாநிலம்' என்னும் பெயரை நீக்கித் 'தமிழ்நாடு' என்று சூட்டக் கோரி, 1956 சூலை 27-ஆம் நாள் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார் தியாகி சங்கரலிங்கனார். அவர் கதராடை அணிந்தவர்; காந்தியாரைப் பின்பற்றியவர். இரண்டு திங்களுக்கு மேல் பட்டினி கிடந்தார். அக்டோபர் 13-ஆம் நாள் உயிர் துறந்தார். ஒரு பெயருக்காக ஓர் உயிர்! 1963-இல் மாநிலங்களவையில் பூபேசு குப்தா பெயர்மாற்றச் சட்டமுன்வரைவைக் கொண்டுவந்தார். வங்காளத்துப் பொதுவுடைமையர் அவர். தமிழரல்லாத அவருக்குத் தோன்றியது, தமிழ்நாட்டுக் காங்கிரசுத் தலைவர் பலருக்குத் தோன்றவில்லை! அதனை ஏற்று அண்ணா பேசினார். பெயரை மாற்றுவதால் கிடைப்பது யாது என்று வினவியோரிடம், நாடாளுமன்றத்துக்கும் குடியரசுத் தலைவருக்கும் இந்திப் பெயர் சூட்டியதால் கிடைத்தது யாது என்று அவர் திருப்பி வினவினார். முன்வரைவு தோற்றது. வினா தோற்கவில்லை.

1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, அவ்வாண்டு சூலை 18-ஆம் நாள் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். அவை ஒருமனதாக ஏற்றது. 1968-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. 1969 சனவரி 14, திருவள்ளுவராண்டு 2000-இன் பொங்கல் திருநாளில், 'தமிழ்நாடு' என்னும் பெயர் சட்டப்படி நிலைபெற்றது. அதன்பின் இருபது நாளில், பிப்பிரவரி 3-இல், அண்ணா கண்மூடினார். காஞ்சிபுரத்தான் ஒருவன் தன் நாட்டுக்குப் பெயரை மீட்டுத் தந்துவிட்டுச் சென்றான் என்று நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரும் அசைக்க முடியாததா? 2023 சனவரி 4-ஆம் நாள், ஆளுநர் ஆர்.என். இரவி சென்னையில் பேசுகையில், 'தமிழகம்' என்பதே பொருத்தமான சொல் என்றார். பொங்கல் அழைப்பிதழிலும் 'தமிழக ஆளுநர்' என்று அச்சிடப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. பெயரை மாற்றச் சொல்லவில்லை என்று அம்மாதம் 18-ஆம் நாள் விளக்கம் வந்தது. 'தமிழகம்' தீய சொல்லா? அன்று, அது பழந்தமிழ்ச் சொல், இனிய சொல், தமிழர் நாள்தோறும் வழங்கும் சொல். ஆனால், வீட்டுக்காரன் தன் மகனைச் செல்லப்பெயரால் அழைப்பது வேறு. வந்தவன் பட்டாவில் பெயரை மாற்றி எழுதச் சொல்வது வேறு. 'நாடு' என்னும் சொல் எவருக்கு உறுத்துகிறது, ஏன் உறுத்துகிறது என்பதே வினா. ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்தும் அப்பெயருக்குக் காவல் தேவைப்பட்டது என்பதே பாடம்.

திரையின் பெயர்

சட்டம் இயற்றினால் பெயர் பிழைக்குமா? திரைப்படத்துறை அதற்கு விடை சொல்கிறது. 2006-ஆம் ஆண்டு, கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. உடனே தமிழ்ப்பற்று பெருக்கெடுத்தது! 'சம்திங் சம்திங்' உதிர்ந்து 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. 'எம்டன் மகன்' 'எம் மகன்' ஆனான். 'ரோபோ' என்று அறிவித்த படம் 2010-இல் 'எந்திரன்' என்று வெளிவந்தது. சங்கப் பாடலில் கரும்பு பிழியும் பொறிக்கு வழங்கிய 'எந்திரம்' என்னும் சொல், வரிவிலக்கின் புண்ணியத்தால் உலகத் திரையரங்குகளில் ஒலித்தது. நன்றே!

2017 சூலை 1-ஆம் நாள் சரக்கு–பணிகள் வரி வந்தது. மாநிலத்தின் பழைய கேளிக்கை வரி அதனுள் அடங்கிற்று. பெயருக்காகத் தந்த விலக்கும் பொருளற்றுப் போயிற்று. பின் நிகழ்ந்தது யாது? 2021-இல் 'மாசுட்டர்', 'டாக்டர்'; 2022-இல் 'பீசுட்டு', 'டான்'; 2023-இல் 'செயிலர்'. பெரும் பணம் கொட்டிய படங்களின் பெயர்ப்பட்டியல் இது. இவை தமிழ்ப்படங்களே, தமிழர் பார்த்த படங்களே, பெயர் மட்டும் தமிழில்லை. வரி கொடுத்த தமிழ்ப்பற்று வரியோடு போயிற்று! கூலிக்கு அழுதவன் கூலி நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பிற மாநிலங்களிலும் ஓட வேண்டும், அனைவருக்கும் விளங்கும் பெயர் வேண்டும்" என்று தயாரிப்பாளர் கூறுவர். அப்படியாயின், 2022-இல் 'பொன்னியின் செல்வன்' எப்படி ஓடிற்று? அப்பெயரோடேயே இந்தி பேசும் ஊர்களுக்கும் சென்றதே! எந்த விலக்கும் கருதாமல் 2023-இல் 'விடுதலை' வந்தது, 2024-இல் 'வாழை' வந்தது, 'மெய்யழகன்' வந்தது. தமிழ்ப்பெயர் ஊதியத்தைக் கெடுக்கும் என்பது கணக்கில் எழுதிய உண்மையன்று. தாழ்வுணர்ச்சி எழுதிய பொய். மற்றொரு செய்தியும் கேளுங்கள். மகளின் திருமணத்துக்குப் பட்டுப்புடவை நெய்ய, நாளும் சிறிதளவு பட்டிழையை வாயில் ஒளித்துக் கொண்டுவரும் நெசவாளியின் துயரைச் சொன்ன படம் 2007-ஆம் ஆண்டின் சிறந்த இந்தியப் படமென ஒன்றிய அரசின் பரிசு பெற்றது. அதன் பெயர் 'காஞ்சிவரம்'. நெசவாளியின் கண்ணீரை நாடே பார்த்தது. ஊரின் பெயரை மட்டும் திரிந்த ஒலியிலேயே கேட்டது.

தொட்டிலிலிருந்து தொடங்குக

கடையையும் திரையையும் குறைகூறிவிட்டு எழுந்து செல்வது எளிது. பள்ளி வருகைப்பதிவேட்டைத் திறந்து பாருங்கள். தறிக்காரர் தெருவிலும் உழவர் தெருவிலும் பிறந்த குழந்தைகளின் பெயர்களில், தமிழெழுத்தால் எழுத முடியாதவை எத்தனை! அழைக்கும் பாட்டிக்கே வாயில் நுழையாத பெயர்கள் எத்தனை! "பொருள் என்ன?" என்று கேட்டால், பெற்றவருக்கே தெரியாது, எண்கணிதக்காரன் எழுத்தெண்ணிக் கொடுத்தது என்பர். வேதாசலம் என்னும் பெருமகன், 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டபோது, முதலில் மாற்றியது பிறர் பெயரையா? தம் பெயரை! மறைமலையடிகள் ஆனார். அவருக்கு முன்பே, சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார். தூய்மை தம் வாசலில் தொடங்கியதால்தான் ஊர் அவர்கள் சொல்லைக் கேட்டது.

ஆதலின், இங்கே அமர்ந்திருப்போர் செய்ய வேண்டியவை சில. புடவை வாங்குவோரே, புவிசார் குறியீடும் கைத்தறி முத்திரையும் கேட்டு வாங்குங்கள், "கோர்வையா?" என்று தமிழில் கேளுங்கள்; கரையும் உடலும் சேருமிடத்தைத் திருப்பிப் பாருங்கள்; ஓரிழையைக் கொளுத்திப் பாருங்கள். பட்டாயின் முடி கருகும் மணம் வரும். செயற்கை நூலாயின் உருகி உருண்டையாகும். வணிகரே, பலகையில் 'பட்டு' என்று எழுதுங்கள். நெய்தவனுக்கு உரிய கூலியைக் கொடுங்கள். அவன் பெயரால் பிழைத்துக்கொண்டு அவனைப் பட்டினி போடாதீர். ஆட்சியிலிருப்போரே, சட்டத்தை ஏட்டில் உறங்கவிடாமல் கடைத்தெருவில் நடக்க விடுங்கள். கோர்வைத் தறியில் இரண்டாவது கைக்குக் கூலி தருவதற்கு வழி காணுங்கள். பெற்றோரே, தொட்டிலில் இடும் பெயரைத் தமிழில் இடுங்கள்; அதற்கு வரிவிலக்கு எதுவும் கிடைக்காது; கிடைக்காமலே செய்வதுதான் பற்று.

சாம்சங் தொழிலாளர் 37 நாள் வெயிலில் அமர்ந்து, உழைத்தவனுக்கும் பெயரில் உரிமை உண்டு என்று நிலைநாட்டினர். சங்கரலிங்கனார் உயிரைக் கொடுத்து, நாட்டுக்குப் பெயர் உண்டு என்று நிலைநாட்டினார். இவ்வூர் நெசவாளி பல தலைமுறையாகக் கண்ணைக் கொடுத்து, ஒரு துணிக்கு உலகப் பெயர் ஈட்டினான். ஈட்டியவன் வழிவந்தோரே! இழக்காதிருத்தல் உங்கள் கடன். உடலும் கரையும் வேறு வேறு நிறமாயினும் கோர்வையால் ஒன்றாதல் போல, தொழிலுரிமையும் மொழியுரிமையும் ஒன்றாகப் பிணையட்டும். அவ்வாறு பிணைந்தால், கிழிந்தாலும் பிரியாது!

வாழ்க தமிழ்! வாழ்க தறியோர்! நிலைக்க தமிழ்நாடு என்னும் பெயர்!